பழைய கதவுக்கும் பில் போடுங்கள்



பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலைக்கு எத்தனை வண்டிகள் வருகின்றன என்று அந்த ஊர்க்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். பெங்களூரிலிருந்து செங்கம் வழியாக, சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக, ஆந்திராவிலிருந்து வேலூர், போளூர் வழியாக என்று எல்லாச் சாலைகளும் ஒரே மலையை நோக்கித் திரும்பும் இரவு அது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஜனங்கள் நடக்க, வண்டிகள் ஊர் எல்லையில் இடம் தேடி நெருக்கியடித்து நிற்கும். உரசலும் நசுங்கலும் இல்லாமல் ஒரு பௌர்ணமி கழிந்தால் அதை அண்ணாமலையார் அருள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு பௌர்ணமியில் அடி வாங்கிய காரைப் பற்றி அங்குள்ள வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 6 வருஷத்துச் சின்ன கார். பின்னால் எடுத்த வேன் ஒன்று இடப்பக்கத்துக் கதவுகள் இரண்டையும் உள்ளே தள்ளிவிட்டது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. மெக்கானிக், "சார், சென்னை புதுப்பேட்டையில இதே கலர்ல பழைய கதவு செட்டா கிடைக்கும், பெயிண்ட் செலவுகூட மிச்சம்" என்கிறாராம். மகனோ, "வேணாம்ப்பா, நாளைக்கு விக்கப் போனா ஆக்சிடென்ட் வண்டின்னு சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேப்பாங்க" என்கிறாராம். யார் பேச்சைக் கேட்பது என்பது அவர் கேள்வி.

ஐயா, உங்கள் மெக்கானிக் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மகன் சொல்வதிலும் இருக்கிறது. பழைய கதவு போட்டால் மறுவிற்பனை விலை கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் பழைய கதவை மறைத்துவிட்டு, அது வாங்க வந்தவர் கண்ணில் பட்டால் குறையும் விலைதான் பெரியது. அவர் அந்தக் கதவுக்கு மட்டும் விலையைக் குறைக்க மாட்டார். வண்டி முழுவதற்கும் குறைப்பார். இதைத்தான் இந்த மாதம் எல்லா வாசகர்களோடும் பேச விரும்புகிறேன்.

முதலில் பணக் கணக்கு. இன்சூரன்ஸ் இருக்கும்போது பழைய கதவு எதற்கு என்று சிலர் கேட்கலாம். சாதாரண முழு பாலிசியில் தேய்மானக் கழிவு என்று ஒன்று உண்டு. 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டேரிஃப் வகுத்த அட்டவணை அது. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர், ஏர்பேக் போன்றவற்றுக்கு வண்டியின் வயது பாராமல் 50 சதவீதம் கழிப்பார்கள். ஃபைபர் பாகத்துக்கு 30. கண்ணாடிக்குக் கழிவில்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்ப்பார்கள். முதல் 6 மாதம் கழிவில்லை; அப்புறம் 5, 10, 15, 25, 35 என்று ஏறி, 5 வருஷம் தாண்டிய வண்டிக்கு 40 சதவீதம், 10 வருஷம் தாண்டினால் 50.

அதாவது, நம் வாசகரின் காருக்குப் புதுக் கதவு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கம்பெனி 6,000 தரும், மீதி 4,000 அவர் கையிலிருந்து போகும். பெயிண்ட் பொருளின் விலையிலும் பாதி அவர் தலையில். அதோடு கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். 1,500 சிசிக்கு மேற்பட்ட கார் என்றால் 2,000. இதையெல்லாம்விடப் பெரியது நோ கிளெய்ம் போனஸ். 5 வருஷம் கிளெய்ம் போடாமல் ஓட்டியவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கிடைக்கும் சலுகை, ஒரு கிளெய்ம் போட்டதும் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யமாகிவிடும். ஊரில் 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லும், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் எடுத்திருந்தால் கணக்கு வேறு. ஆனால் வயதான வண்டிகளுக்குப் பல கம்பெனிகள் அதைத் தருவதில்லை. இடித்த வேனின் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸில் கேட்கலாமே என்றால், எஃப்.ஐ.ஆர்., விபத்துத் தீர்ப்பாயம் என்று நடக்க வேண்டும். கதவுக்காக யார் நடப்பார்கள்?

எனவே மெக்கானிக் புதுப்பேட்டையைக் காட்டுவது ஏமாற்றுவதற்காக என்று நினைக்க வேண்டாம். கிளெய்ம் போடாமல் கைக்காசில் பழைய பாகம் போட்டு, போனஸைக் காப்பாற்றிக்கொள்வது பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வழி. ஒன்று மட்டும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், அதுவரை 28 சதவீத ஜி.எஸ்.டி. இருந்த உதிரிபாகங்களுக்கும் வரி 18 சதவீதமாக இறங்கிவிட்டது. பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுக்காமல், புதுப் பாகத்தின் இன்றைய விலையைக் கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

சென்னை எழும்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பாகச் சந்தையான புதுப்பேட்டையைத் தெரியாத மெக்கானிக் வட மாவட்டங்களில் இருக்க மாட்டார். மேற்கே கோயம்புத்தூர் உக்கடம். கடல் கடந்தால் கொழும்பு பஞ்சிகாவத்தை. இலங்கையில் 2020-ல் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் ஓடுகிற வண்டியை ஓட வைத்துக்கொண்டிருப்பதே அங்கே பெரிய காரியம். பழைய வண்டிகளின் விலை தாறுமாறாக ஏறியது. பழைய பாகம் போட்டதாலேயே வண்டியின் மதிப்பு விழுந்துவிடும் என்பது எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்துகிற விதி இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கதவையே எடுத்துக்கொள்வோம். கம்பெனியிலிருந்து வரும் புதுக் கதவு வெறும் தகடு. பிரைமர் மட்டும் அடித்து வரும். கண்ணாடி, லாக், மோட்டார், ரப்பர் எல்லாவற்றையும் பழைய கதவிலிருந்து கழற்றி மாட்ட வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும். புதுப்பேட்டைக் கதவு இதெல்லாம் சேர்ந்தே வரும். அதன் மேல் இருப்பது தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட். 'டூப்ளிகேட்' என்று கடையில் விற்கும் மெல்லிய புதுத் தகட்டைவிட, நல்ல நிலையில் இருக்கும் பழைய ஒரிஜினல் கதவு வண்டிக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் வாங்கும்போது கதவின் கீழ்விளிம்பைத் தடவிப் பாருங்கள். துரு அங்கேதான் தொடங்கும். சின்ன காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். பட்டி பூசிய இடத்தில் சரியாக ஒட்டாது. கதவுக்கு உள்ளே பக்கவாட்டு இடியைத் தாங்கும் இரும்புத் தண்டு உங்கள் மாடலில் உண்டென்றால், வாங்கும் கதவிலும் அது வளையாமல் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் பல. தண்ணீர் குடித்த கதவின் மோட்டாரும் வயரும் கொஞ்ச நாளில் கையை விரித்துவிடும்.

இனி மறுவிற்பனைக்கு வருவோம். கார் வாங்கி விற்பவர்கள் ஒரு வண்டியைப் பார்க்கும்போது மனதில் போடும் முதல் கேள்வி, "மாற்றிய பாகம் போல்ட்டில் மாட்டுவதா, வெல்டிங் அடிப்பதா?" என்பதுதான். பானட், கதவு, டிக்கி, முன் ஃபெண்டர், பம்பர், ஹெட்லைட், சைடு மிரர் எல்லாம் பெரும்பாலான கார்களில் ஸ்பேனர் எடுத்துக் கழற்றி மாட்டக்கூடியவை. அவை மாறியிருந்தால் வண்டியின் எலும்புக்கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேரத்தில் கொஞ்சம் பேசுவார்கள், அவ்வளவுதான்.

பில்லர், கூரை, பின்பக்க குவார்ட்டர் பேனல், ஃப்ளோர், முன்பக்கத்து நீள உத்திரம் ஆகியவை அப்படியல்ல. அவை வண்டியோடு வெல்டிங்கில் பிறந்தவை. அவற்றை வெட்டி, இன்னொரு வண்டியின் துண்டை ஒட்டினால் விலை சட்டென்று இறங்கும், இறங்குவதும் நியாயம். இந்த இடங்களில் பல கார்களில் உறுதி மிகுந்த எஃகு போட்டிருப்பார்கள். கேஸ் வெல்டிங்கின் சூட்டில் அது தன் வலுவை இழக்கும். 2023 அக்டோபர் முதல் நடக்கும் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஒரு கார் வாங்கும் நட்சத்திரம் தொழிற்சாலை வெல்டிங்குக்குக் கிடைத்தது. சாலையோரப் பட்டறையில் வெட்டி ஒட்டிய பில்லருக்கு அந்த நட்சத்திரம் பொருந்தாது. திண்டிவனம்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் செங்கம் அருகே 2023 அக்டோபரில் அடுத்தடுத்து நடந்த கோர விபத்துகளை நினைத்துப் பார்த்தால், பில்லர் விஷயத்தில் சிக்கனம் பார்க்க யாருக்கும் மனம் வராது.

இன்னும் சில பாகங்கள் இருக்கின்றன. போல்ட்டில் மாட்டுவதாக இருந்தாலும் பழசாக வாங்கவே கூடாதவை. ஏர்பேக், சீட் பெல்ட், ஸ்டீயரிங் ராடு, பிரேக் பாகங்கள், சஸ்பென்ஷன் ஆர்ம், டயர். ஏர்பேக் ஒரே ஒரு முறை வெடிப்பதற்காகச் செய்யப்பட்டது. சீட் பெல்ட்டைச் சட்டென்று இறுக்கும் பிரிடென்ஷனரும் அப்படியே. இன்னொரு வண்டியில் எந்த வெயிலில், எந்த ஈரத்தில் கிடந்தது என்று தெரியாத ஒன்றை நம்பி குடும்பத்தை உட்கார வைக்க முடியாது. பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், கார் பழுது பார்க்கும் பட்டறைகள் சில வகைப் பாகங்களுக்குப் பழைய பாகத்தையும் போட்டுத் தர முடியும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பழைய பாகத்தை அரசே ஊக்குவிக்கும் அந்த நாட்டில்கூட, ஸ்டீயரிங், பிரேக் பாகங்களை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். கோடு எங்கே போட வேண்டும் என்பதில் பாரிஸ் பட்டறைக்கும் போளூர் ரோட்டுப் பட்டறைக்கும் வித்தியாசம் இருக்கத் தேவையில்லை.

பழைய பாகம் என்றதும் நெஞ்சை உறுத்தும் இன்னொரு சந்தேகம், அது யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்பது. உத்தரப்பிரதேசத்தின் மீரட் நகரில் சோதிகஞ்ச் என்ற சந்தை, திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்பதற்குப் பேர் போனது. போலீஸ் நடவடிக்கையால் 2021 டிசம்பரில் கடைகள் மூடப்பட்டன. எல்லாச் சந்தையும் அப்படி என்று சொல்வது, நேர்மையாகப் பிழைக்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு வாங்கியவர் மேலும் பாயும். கதவு, பம்பருக்குக் கடை பில் போதும். இன்ஜின் என்றால் அது போதாது. இன்ஜின் எண் ஆர்.சி.யில் இருப்பதால், மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். இன்ஜின் வந்த வண்டியின் ஆர்.சி. நகலோ, வண்டியை முறையாக உடைத்ததற்கான சான்றோ இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

இதற்கு நல்ல வழி ஒன்று மெல்லத் திறந்துகொண்டிருக்கிறது. 2021 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் ஒரு வண்டியை, அது திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வரும் பாகத்துக்கு ஊர், பேர் இருக்கும். பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகள் கைவிட்ட வண்டிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். முழுவதும் நசுக்க வேண்டியவை, பாகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கூட்டை நசுக்க வேண்டியவை, எலும்புக்கூடு அடிபட்டும் பழுது பார்க்கக்கூடியவை, எலும்புக்கூடு அடிபடாதவை. வாங்குபவர் பதிவைத் தேடினால் தெரிந்துவிடும். நம் ஊரில் பழுதுச் செலவு ஐ.டி.வி.யின் (பாலிசியில் குறித்த வண்டி மதிப்பின்) 75 சதவீதத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்' என்று கணக்கை முடித்து, நொறுங்கிய வண்டியை விற்றுவிடுவார்கள். அது நான்கு மாதம் கழித்து புது மெருகோடு ஏதோ ஒரு ஊரில் 'சிங்கிள் ஓனர்' என்று நின்றால், ஆர்.சி.யில் அந்த விபத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

எழுதி வைக்க வேண்டிய பொறுப்பு நம்மிடமே வந்து சேர்வது இதனால்தான்.

பழைய கார் வாங்கப் போகும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள். விற்பவரின் இப்போதைய பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எவ்வளவு என்று பாருங்கள். 5 வருஷமாகத் தொடர்ந்து இன்சூரன்ஸ் கட்டிய ஒரே உரிமையாளரின் வண்டிக்கு போனஸ் பூஜ்யம் என்றால், போன வருஷம் ஏதோ கிளெய்ம் நடந்திருக்கிறது. என்ன என்று கேளுங்கள். பானட், கதவுக் கீல்களின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கிறதா பாருங்கள். எல்லாக் கண்ணாடிகளிலும் உள்ள கம்பெனி முத்திரையையும் வருஷக் குறியையும் ஒப்பிடுங்கள். சில கார்களின் கண்ணாடியில் சேஸிஸ் எண்ணே பொறித்திருக்கும். சீட் பெல்ட்டின் அடியில் தைத்த துணிச்சீட்டில் தயாரித்த தேதி இருக்கும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதை ஊமையாக்கியிருக்கிறார்கள். அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

விற்கப் போகிறவர்களுக்கும் இதிலிருந்தே பாடம் இருக்கிறது. வாங்குபவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். அவர் கண்டுபிடிக்குமுன் நீங்களே சொல்லிவிட்டால் பேரம் கதவோடு நிற்கும்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது புதிய பழக்கமும் இல்லை. தீபத் திருவிழாவின் 7-ஆம் நாள் ஓடும் பெரிய தேரைப் பழுது பார்த்து, 2024 நவம்பரில் வெள்ளோட்டம் விட்டார்கள். தேரில் எந்தக் கட்டை மாறியது, எது பழசு, எது புதுசு என்று வேலை செய்தவர்களுக்குத் தெரியும், மாட வீதியில் நின்றவர்களுக்கும் தெரியும். மரம் மாற்றியதால் தேரின் பெருமை குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. பழுது பார்த்ததை ஊரறியச் சொல்லி, ஓட்டிக் காட்டிய பிறகுதான் திருவிழாவுக்கு வடம் பிடிக்கிறார்கள். நம் வீட்டுக் காருக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கலாம்.

எனவே கடிதம் எழுதிய ஐயாவுக்கு என் பதில் இது. அடி கதவோடு நின்றிருக்கிறதா, பில்லர் வரை போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதுக் கதவைப் போட்டாலும் பழையதைப் போட்டாலும் சரியாக மூடவில்லை என்றால் பில்லர் நகர்ந்திருக்கிறது. அப்போது போனஸை மறந்துவிட்டு இன்சூரன்ஸில் போட்டு, நல்ல பட்டறையில் கொடுங்கள். பில்லர் நேராக இருந்தால் பழைய கதவைத் தாராளமாகப் போடுங்கள். இடிபட்ட படத்தை வருத்தத்தில் அழித்துவிடாதீர்கள். கதவைக் கழற்றிய நிலையில் பில்லர் நேராக இருப்பதையும் படம் எடுங்கள். விற்கும் நாளில், "அடி இவ்வளவுதான்" என்று உங்களுக்காகப் பேசப்போவது அந்தப் படம்தான்.

மெக்கானிக்கிடம் ஒரு பில் கேளுங்கள். கம்ப்யூட்டர் பில் இல்லாவிட்டால் பரவாயில்லை. லெட்டர்ஹெட் தாளில் கையால் எழுதியது போதும். தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், அது புதுசா பழசா, எந்த வருஷ மாடலிலிருந்து வந்தது, எந்தக் கடையில் வாங்கியது, போல்ட்டா வெல்டிங்கா. இவ்வளவும் ஆறேழு வரியில் அடங்கும். அதை ஆர்.சி. கவரில் போட்டு வையுங்கள். கிளெய்ம் போட்டிருந்தால் இன்னும் கண்டிப்பாக இருங்கள். புதுப் பாகத்துக்குப் பில் போட்டுவிட்டுப் பழையதை மாட்டுவது மோசடி. எம்.ஆர்.பி. ஒட்டிய அட்டைப் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டீர்கள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் திருவண்ணாமலையிலேயே இருக்கிறது. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது.

மெக்கானிக் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பழைய பாகம் போட்டதை எழுதிக் கொடுத்தால் பேர் கெட்டுவிடும் என்று தயங்காதீர்கள். 'இந்தப் பட்டறையில் எதைப் போட்டாலும் எழுதிக் கொடுப்பார்கள்' என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பட்டும். உங்கள் பில் இருக்கும் வண்டிக்குச் சந்தையில் தனி விலை வரும்.

உங்கள் ஊரில் அப்படி நேர்மையாக எழுதிக் கொடுத்த பில் ஒன்று உங்களிடம் இருந்தால், பெயரையும் வண்டி எண்ணையும் மறைத்து எங்களுக்கு நகல் அனுப்புங்கள். நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடுத்த இதழில் வெளியிடுகிறோம். மற்ற பட்டறைகள் அதைப் பார்த்து எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்